பெற்ற கண்

எதைப் பார்ப்பது என்பதில் அஞ்சலாட்சிக்குக் குழப்பமே இல்லை. கல்லைப் பார்க்கலாம். இந்த ஆர்ல் ஊரில் கல்லுக்கா பஞ்சம், சதுக்கத்தின் நடுவில் ஒற்றைக் கல்லாய் நிமிர்ந்து நிற்கும் தூணைப் பார்க்கலாம், அதன் அடியில் ஓயாமல் தண்ணீர் துப்பிக்கொண்டிருக்கும் முகங்களைப் பார்க்கலாம், எதிரே பழைய சர்ச்சின் வாசல் முழுக்கச் செதுக்கி வைத்திருக்கிற சனக்கூட்டத்தைப் பார்க்கலாம், பிரான்ஸ் தேசத்துக்கு இத்தனை தூரம் பறந்து வந்ததே பார்ப்பதற்குத்தானே. பார்க்கக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். அது பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலைமுடி காற்றில் பறக்க, பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்களை எதிரே நிறுத்தி, அவர்கள் ஊர்க் கதையை அவர்கள் பாஷையிலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எழிலரசி. அஞ்சலாட்சி பெற்ற ஒரே பெண். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்து, அங்கே கான்வென்டில் பிரெஞ்சு படித்து, அது போதாதென்று இங்கே வந்து சரித்திரமும் படித்து முடித்தவள். இன்று நடப்பது வெறும் ஊர் சுற்றல் இல்லை, பரீட்சை. ஊர் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்டுகிற ஒரு நிறுவனம், இவளை வேலைக்கு எடுக்கலாமா என்று சோதித்துப் பார்க்கிறது. சோதிக்கிறவள் மதாம் ரூசெல், அதோ கூட்டத்துக்குப் பின்னால், சாம்பல் நிறக் கோட்டின் பைகளுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, மருமகள் வைத்த குழம்பை ருசி பார்க்கிற முகத்தோடு நிற்கிறவள். போன வருஷமும் இவள்தான் வந்தாள், முடியாது என்று சொல்லிவிட்டாள். எல்லாம் தெரிகிறது, ஆனால் பாதி தூரம் போனதும் உன் குரல் உள்ளே போய்விடுகிறது, ஆட்களை விட்டுவிட்டுக் கல்லோடு பேசுகிறாய் என்றாளாம். இந்த முறையும் முடியாது என்றால் இன்னொரு முறை கிடையாது, கோடையோடு விசாவும் முடிகிறது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். அதனால் அஞ்சலாட்சி கல்லைப் பார்த்தாள்.

ஊர்க்கண் ஒரு பங்கு என்றால் பெற்றவள் கண் பத்துப் பங்கு. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆயுசில் பாதியை நர்ஸாகக் கழித்தவள். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் நக்க வைக்க வந்த பாட்டிமார்களை வராந்தா வரைக்கும் துரத்தியவள், தொப்புளில் சாம்பல் வைத்தவளைப் போலீஸ் வரும் என்று மிரட்டியவள், அப்படிப்பட்டவளே யாராவது ஒருத்தி தொட்டிலை எட்டிப் பார்த்து இன்னா கொழுகொழுன்னு கீது பாரேன் என்று வாயைத் திறந்துவிட்டால் சட்டென்று நடுவில் போய் நின்றுகொள்வாள். பிறந்த குழந்தைகளின் உள்ளங்காலில் மை வைப்பதற்கென்றே சட்டைப்பையில் ஒரு மைச்சிமிழ் இருக்கும். டாக்டர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். எழிலு மூன்றாம் வகுப்பு படிக்கையில் பள்ளிக்கூட விழாவில் மயில் வேஷம் போட்டு ஆடினாளே, அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்தது யார், இவள்தான், கண் கொட்டாமல் பார்த்தாள், மறுநாள் காலை சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்தது. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து பேப்பரில் போட்டோ வந்தது, அதை எடுத்து எடுத்துப் பார்த்தது யார், அந்த வாரமே அம்மை போட்டது. சைக்கிள் செயின் கழன்றுதான் விழுந்தாள் என்பது தெரியும், அந்தத் தெரு முழுக்க அம்மை இருந்தது என்பதும் தெரியும், நர்ஸுக்குத் தெரியாதா. ஆனால் தெரிவது வேறு, அடிவயிற்றில் சில்லென்று ஒன்று இறங்குவது வேறு. போன வருஷம் பரீட்சைக்கு முதல் நாள் வார்டு முழுக்க ஸ்வீட் பாக்கெட்டைத் திறந்து நீட்டி, எம் பொண்ணு பிரெஞ்சுக்காரனுக்கே பாடம் நடத்தப் போவுது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளே. அப்புறம் என்ன ஆயிற்று. அதனால்தான் இந்த முறை தங்கச்சியிடம்கூட மூச்சு விடவில்லை, மகளைப் பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் பார்க்காமல் நிற்கிறாள்.

வாசல் சிற்பம் நன்றாகத்தான் இருந்தது. நடுவே உச்சியில் ஆண்டவர் உட்கார்ந்திருக்கிறார், சுற்றி ஒரு சிங்கம், ஒரு மாடு, ஒரு கழுகு, இறக்கை வைத்த ஒரு சம்மனசு. அவருக்கு ஒரு பக்கம் துணி உடுத்திய ஜனங்கள் வரிசையாக மோட்சத்துக்கு வருகிறார்கள், இன்னொரு பக்கம் அம்மணமாக, இடுப்பில் ஒரே சங்கிலியால் கட்டப்பட்டு, நெருப்புக்குள் நடந்து போகிறார்கள். பாஷை தெரியாமலே புரிந்தது, இதை எழுப்பியவர்களும் பாஷை தெரியாதவர்களை நினைத்துத்தான் செதுக்கியிருப்பார்கள். எழிலின் குரல் கணீரென்று வந்தது, தொண்டைக்குள்ளிருந்து அந்த ர-வை அவள் உருட்டுகிற அழகு, முத்தியால்பேட்டை சொல்தா வீட்டு அருள்மேரிக்கு வருமா அது. அந்த அம்மாவின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் பாரீஸிலிருந்து வரும், அதனால் பிரெஞ்சு என்பது அவர்கள் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற முருங்கை என்று நினைப்பு. இன்னா அஞ்சலை, பஸ் டிரைவர் பொண்ணுக்கு எதுக்கு பிரெஞ்சு, கண்டக்டர் இங்கிலீஷ்ல பேசினா போதாதா என்று கேட்டுச் சிரித்தவள். வா, வந்து பார் அருள்மேரி, கடலூர் பஸ் ஓட்டின தணிகாசலம் பெற்ற பெண் பேசுகிறாள், வெள்ளைக்காரன் கைகட்டிக் கேட்கிறான், சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு ஒரு சொல் சிந்தாமல் கேட்கிறார். நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது, அந்த விம்மலில் தலை தன்னால் திரும்பிவிட்டது, ஒரு கணம், ஒரே கணம், முழுசாகப் பார்த்துவிட்டாள், மகள் கையை உயர்த்தி உச்சிச் சிற்பத்தைக் காட்ட, உதடு விலகி அந்த உடைந்த பல் தெரிந்தது. போதும் போதும் என்று கண்ணைப் பிடுங்கி மறுபடி நெருப்புப் பக்கத்து ஜனங்கள் மேல் வைத்தாள். அப்போதுதான் கேட்டது. கணீரென்று வந்த குரலில் ஒரு இழை இறங்கியிருந்தது.

பார்த்ததால்தான். வேறென்ன. சர்ச்சைத் தாண்டிப் பக்கத்துத் தெருவில் ரோமாபுரிக்காரர்கள் கட்டிய நாடக அரங்குக்கு எல்லோரும் நடந்தார்கள், கூழாங்கல் பதித்த தெரு, கான்வாஸ் ஷூவுக்கு மேலே சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அஞ்சலாட்சி கடைசியில் நடந்தாள், இந்த ஊர்க் காற்றுக்கு மிஸ்ட்ரல் என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், பெயர் வைக்கிற அளவுக்கு அடிக்கத்தான் செய்கிறது, சேலையைப் பாய்மரம் ஆக்கப் பார்க்கிறது. இனிமேல் நிமிரவே கூடாது, தரையைப் பார், ஷூவைப் பார். அரங்கில் வளைவு வளைவாய்க் கல் படிகள், மேடை இருந்த இடத்தில் உடைந்த துண்டுகள், அவற்றின் நடுவே இரண்டே இரண்டு உயரத் தூண்கள் மட்டும் தனியாக நின்றன. அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் இரண்டு விதவைகள் என்று நேற்றே எழிலு சொல்லியிருந்தாள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், தணிகாசலம் போய் நாலு வருஷம்தானே ஆகிறது. அதில் என்ன இருக்கிறது பாப்பா, நிக்குதுங்க இல்ல, விழாம நிக்குதுங்க, அதைச் சொல்லு என்று அஞ்சலாட்சிதான் தேற்றினாள். அவர் இருந்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை. அவர் பார்த்துக்கொள்வார். வீட்டில் அப்படித்தான் ஒரு ஏற்பாடு இருந்தது, யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, பார்ப்பது அவர் வேலை, பார்க்காமல் இருப்பது இவள் வேலை. மேடையில் பரிசு கொடுப்பார்கள், அவர் எழுந்து நின்று விசில் அடிப்பார், இவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் பஸ்ஸில் ஏறுகிற ஆளிடமெல்லாம் சொல்லுவார், இவள் வீட்டுக்கு வந்து உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவாள். கணக்கு சரியாகிவிடும். இப்போது பார்க்க ஆள் இல்லை. எழிலின் குரல் இன்னும் மெலிந்திருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்திருந்தது. நான்தான் பார்க்கவில்லையே, தரையைத்தானே பார்க்கிறேன், பின்னே ஏன். போதவில்லையோ. நினைத்துக்கொண்டிருக்கிறேனே, நினைப்பும் பார்வைதானோ. அஞ்சலாட்சி உடம்பையே திருப்பிக்கொண்டு, மகளுக்கு முதுகைக் காட்டி, யாருமில்லாத படிகளைப் பார்த்து நின்றாள். குரல் இன்னும் ஒரு படி கீழே போயிற்று.

சிவப்புத் தொப்பிக்காரர் கொட்டாவி விட்டார். ஒரு பெண் கைபேசியை எடுத்துவிட்டாள். மதாம் ரூசெல் தூரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள், அந்தச் சாய்வு அஞ்சலாட்சிக்குத் தெரிந்த சாய்வுதான், பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது இனிப் பார்க்க ஒன்றும் இல்லை என்று முடிவு செய்த கட்டிலுக்கு எதிரே இப்படித்தான் சாய்ந்து நிற்பார். கடைசி இடம் வட்ட அரங்கம், அந்தக் காலத்தில் மனுஷனையும் மிருகத்தையும் சண்டைக்கு விட்டுப் பார்த்த இடம், தெரு முனையில் திரும்பியதும் வானத்தை மறைத்துக்கொண்டு வளைவுகளாய் நின்றது, கீழே ஒரு அடுக்கு வளைவு, மேலே ஒரு அடுக்கு வளைவு, இரண்டாயிரம் வருஷம் ஆகிறதாம். படியேறினார்கள். அஞ்சலாட்சி மூச்சு வாங்கிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டாள். இதைச் செய்ய அவளுக்குப் பாஷை வேண்டாம். இடுப்பு வலியில் கத்துகிறவள் எந்த ஊர்க்காரியாக இருந்தாலும், எந்தச் சத்தம் பயத்தால் வருகிறது, எந்தச் சத்தம் வலியால் வருகிறது, எந்தச் சத்தம் தனியாக இருக்கிறோம் என்பதால் வருகிறது என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடுவாள். மூன்றாவதுதான் மோசம். அந்தச் சத்தம் வந்தால் போய்ப் பக்கத்தில் நின்று, என்னைப் பாரு, இங்க பாரு, என் மூஞ்சியப் பாரு என்பாள், அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டாள், அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் கரையேறிவிடும். இப்போது இந்தக் குரல். இது எந்தச் சத்தம். மேல் படிக்கு வந்து காற்று முகத்தில் அறைந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததை ஏற்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. மூன்றாவது. வேறு யார் பிள்ளையானாலும் சர்ச் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பாள். தணிகாசலம் ஒருநாள் பஸ் டிப்போவிலிருந்து வந்த களைப்போடு, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார், ஏய், பாப்பா மேடைல எம் மூஞ்சியப் பாக்கறதே இல்லடி, உன் மூஞ்சியத்தான் தேடுது, நீ பாட்டுக்கு ஃபேனைப் பாத்துக்கினு கெடக்கற. அவர் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சோற்றைப் போட்டாள்.

எழில் பேச்சை நிறுத்தியிருந்தாள். கீழே வட்டமாக வெறும் மணல், சுற்றிலும் கல் படிகள், அதற்கும் அப்பால் ஓட்டுக் கூரைகள், கூரைகளுக்கு அப்பால் பெரிய ஆறு. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள், அவள் வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. காற்றுச் சத்தம் மட்டும். மதாம் ரூசெல் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தாள். பிறகு, இத்தனை பேருக்கு நடுவே, பரீட்சை என்பதையே மறந்தவள் மாதிரி, எழில் தமிழில் கேட்டாள். "அம்மா. உனக்கு போரடிக்குதா?"

அஞ்சலாட்சி ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இல்ல பாப்பா. பேசு, நல்லா இருக்குது."

"பின்ன ஏன்மா என்னைப் பாக்கவே மாட்ற? எப்பவுமே மாட்ற. நான் பேசறப்ப பாத்தா, ஒண்ணு உன் முதுவு தெரியுது, இல்ல நீ செவுத்தப் பாக்கற."

பார்க்கலாமா. பார்த்தால் ஏதாவது ஆகிவிடும். படி செங்குத்தாக இருக்கிறது, கால் இடறும், ஜுரம் வரும், விசா போகும், பல் உடையும், இன்னதென்று தெரியாத ஒன்று எங்கிருந்தோ வரும், அந்தச் சில்லென்றது அடிவயிற்றில் இறங்கத் தொடங்கிவிட்டது, இறங்கட்டும். பார்க்காமல் இருந்து மட்டும் என்ன வாழ்ந்துவிட்டது. வந்ததெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது, பிள்ளை தனியாக நின்றதுதான் மிச்சம். அஞ்சலாட்சி திரும்பினாள். தலையை மட்டுமல்ல, முழு ஆளாகத் திரும்பி, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளை நெற்றியிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. காதோரம் ஒரு நரைமுடி இருந்தது, இது எப்போது வந்தது, முப்பதுகூட ஆகவில்லையே. கழுத்து அவர் கழுத்து. நிற்கிற நிற்பும் அவருடையதுதான், ஒரு காலை லேசாக முன்னால் வைத்து, கிளட்சை மிதிக்கப் போகிறவர் மாதிரி. என்ன அழகாக இருக்கிறாள். இவ்வளவு அழகையும் வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஃபேனைப் பார்த்தேன்.

"என் கண்ணே பட்டுடும்னு பயந்துக்கினுதான் பாக்கல," என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, உயரட்டும், இங்கே யாருக்குப் புரியப்போகிறது. "உன்னப் பாத்தா எனக்குப் பெருமை தாங்கல. அதான் பயம். பட்டாப் படட்டும், ராத்திரிக்கு சுத்திப் போட்டுக்கலாம். நீ பேசு பாப்பா. நான் பாக்கறேன்."

சிவப்புத் தொப்பிக்காரர் ஏதோ கேட்டார், உங்கள் அம்மா என்ன சொல்கிறார் என்றுதான் இருக்க வேண்டும், கேட்டுவிட்டு அஞ்சலாட்சியையும் பார்த்தார். எழில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், சிரித்தாள், பிறகு அவர் பக்கம் திரும்பிப் பதில் சொல்ல ஆரம்பித்தாள், அது மனப்பாடம் செய்து வந்த பேச்சு இல்லை என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது, கண்ணைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள், அம்மாவைக் காட்டினாள், காற்றில் ஒரு தொட்டிலை ஆட்டிக் காட்டினாள், உள்ளங்காலில் மை வைப்பதைச் செய்து காட்டினாள். யாரோ ஓ என்றார்கள். கைபேசிப் பெண் அதைப் பைக்குள் போட்டாள். எழில் கழுத்தில் எதையோ கட்டுகிற மாதிரி காட்டிவிட்டு, பேச்சின் ஓட்டத்திலேயே தமிழுக்குத் தாவினாள். "ரோமாபுரிக்காரங்களும் இப்பிடித்தாம்மா, புள்ளைங்களுக்குக் கண்ணு படக் கூடாதுன்னு கழுத்துல தாயத்து கட்டி வுடுவாங்க. அதைத்தான் சொல்லிக்கினு இருக்கேன்." சொல்லிவிட்டுத் திரும்பவும் பிரெஞ்சு. இப்போது கீழே மணலைக் காட்டினாள், நேற்று ராத்திரிச் சோற்றில் கை வைத்துக்கொண்டே அம்மாவுக்குச் சொன்ன அதே கதை, ரோமாபுரி போன பிறகு ஊர் ஜனங்கள் பகைவர்களுக்குப் பயந்து இந்த வட்டத்துக்குள்ளேயே குடிவந்துவிட்டார்களாம், வளைவுகளை அடைத்துச் சுவர் எழுப்பி, நாலு பக்கமும் காவல் கோபுரம் கட்டி, உள்ளே இருநூறு வீடு, கோயில், தெரு, நூற்றுக்கணக்கான வருஷம் இதற்குள்ளேயே வாழ்ந்தார்கள். சண்டை போட்டுச் செத்த மண்ணில் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். எந்த மருத்துவச்சி கையோ அந்தக் குழந்தைகளையும் வாங்கியிருக்கும், எந்த அம்மாவோ அந்த வளைவுக்குக் கீழே உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்திருப்பாள்.

குரல் ஏறியது. அஞ்சலாட்சி அதைக் காதால் கேட்டாள், கண்ணாலும் பார்த்தாள், கழுத்து நரம்பு எழும்புவதை, தோள் தளர்வதை. ஜனங்கள் எழிலைச் சுற்றி நெருங்கி நின்றார்கள், ஒருவர் கேள்வி கேட்டார், அவள் எதிர்க்கேள்வி போட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், என்னவென்று தெரியாமலே அஞ்சலாட்சியும் சிரித்தாள். மதாம் ரூசெல் எப்போது சுவரை விட்டு வந்தாளோ, கூட்டத்தின் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், கோட்டுப் பையில் இருந்த கைகள் வெளியே வந்திருந்தன. காற்று கண்ணில் அடித்து நீர் வழிந்தது. அஞ்சலாட்சி துடைக்கவில்லை, துடைக்கிற நேரத்துக்குப் பார்க்காமல் இருக்க வேண்டுமே. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, அது பாட்டுக்கு அடிவயிற்றில் உட்கார்ந்திருந்தது, பெருமையும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, இரண்டும் ஒரே வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசியில் கைதட்டினார்கள். சிவப்புத் தொப்பிக்காரர் அஞ்சலாட்சியிடமே வந்து மகளைச் சுட்டிக் காட்டி ஏதோ கேட்டார், போன வருஷத்து ஸ்வீட் பாக்கெட்டுக்குப் பிறகு முதல் தடவையாக மூன்றாம் ஆளிடம், வாயைத் திறந்து, "ஆமா, எம் பொண்ணுதான். நான் பெத்த பொண்ணு" என்றாள், அவரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்.

மதாம் ரூசெல் எழிலைத் தனியே அழைத்து நாலு வார்த்தை பேசினாள், அதிகம் இல்லை, பேசிவிட்டுக் கையைக் குலுக்கினாள், போகிற போக்கில் அஞ்சலாட்சியின் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் படியிறங்கிப் போனாள். எழில் மெதுவாக நடந்து வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். "சனிக்கெழம காலைல வரச் சொல்லிட்டாங்கம்மா. குழுவ என்கிட்ட குடுக்கறாங்களாம்." அஞ்சலாட்சி சரி என்று தலையசைத்தாள், நல்லது என்றாள். கூட்டம் கலைந்துவிட்டது, மேல் படியில் இவர்கள் இருவர்தான். எழில் தலைமுடியைக் கோதிக் கட்டினாள், ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள், இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மாவின் கண் அங்கே இருந்தது.

"போதும்மா பாத்தது," என்றாள் வெட்கத்தோடு.

அஞ்சலாட்சிக்குப் போதவில்லை.